நகலெடுக்க முடியாத ஜன்னல்

ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். வாட்டர்மார்க் தெரிகிறதா, பாதுகாப்பு இழை ஓடுகிறதா என்று தேடுகிறார். 1966-இல் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் இந்த இரண்டையும் நம்பித்தான் நோட்டு கைமாறியது.

அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று அந்நாடு பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. ஆண்டு முடிவதற்குள் 10 டாலர் கள்ளநோட்டு வந்துவிட்டது. அதை அடித்தவர்கள் பெரிய ஆலை எதுவும் வைத்திருக்கவில்லை. சாதாரண அச்சுக் கருவிகளே போதுமாக இருந்தன. அந்நாட்டு ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கூம்ப்ஸ், நோட்டு அச்சடிப்பவர்களோடு நிற்காமல் விஞ்ஞானிகளையும் கூப்பிட்டார். என்னைக் கேட்டால், காரியம் பலித்ததே அதனால்தான்.

கேமராவாலும் நகல் இயந்திரத்தாலும் எதைப் பிடிக்க முடியாது என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். சாய்த்தால் உருமாறும் படத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் அதைக் கசங்கும் காகிதத்தில் பதித்தால் நிலைக்காது. அதைத் தாங்கத்தான் பிளாஸ்டிக் வந்தது. டேவிட் சாலமன் என்ற வேதியியலாளர் இதில் முன்னின்றார். பாலிபுரொப்பிலீன் என்ற கண்ணாடி போன்ற படலம். இருபுறமும் வெள்ளை பூசி, அதன்மேல் அச்சடிக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் பூசாமல் விட்டால், அதுவே ஊடுருவிப் பார்க்கும் ஜன்னல். காகிதத்தில் அடிக்கும் கள்ளநோட்டுக்காரன் அங்கேதான் திணறுவான். கருவி எதுவும் இல்லாமல், கண்பார்வை மங்கியவர்கூட விரலால் தடவி அது காகிதமா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

யோசனை நோட்டாக இருபது ஆண்டு ஆயிற்று. இடையில் ஹைட்டி வேறுவகைச் செயற்கைத் தாளில் நோட்டு அடித்துப் பார்த்தது; மை நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் 10 டாலர் 1988 ஜனவரியில் வந்தது. ஜன்னலில் கேப்டன் குக்கின் முகம். 1996-க்குள் அங்கே எல்லா நோட்டும் பிளாஸ்டிக்.

கள்ளநோட்டு அதோடு ஒழிந்ததா? இல்லை. பிளாஸ்டிக் தாளிலும் அடிக்கிறார்கள். வாங்குகிறவர் ஜன்னலைப் பார்க்காவிட்டால் அது இருந்து என்ன பயன்?

இலங்கை 1998-இல், சுதந்திரப் பொன்விழாவுக்கு, பிளாஸ்டிக்கில் 200 ரூபாய் நோட்டு வெளியிட்டது. இந்தியாவில் கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் நகரங்களில் சோதனைக்கு விடுவதாக அறிவிக்கப்பட்டது 10 ரூபாய் பிளாஸ்டிக் நோட்டு. பத்து ரூபாயைக் கள்ளமாக அடித்து யார் பிழைக்கப் போகிறார்கள்? அங்கே கவலை கள்ளநோட்டைவிட, கைமாறிக் கைமாறி நைந்து போகும் நோட்டைப் பற்றியது.