மருந்துக்குப் பூட்டுப் போடும் உரிமை யாருக்கு?

(கீழ்க்கட்டளையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



இந்தக் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு பக்கம் போனால் கிண்டி. இன்னொரு பக்கம் போனால் தாம்பரம் சானடோரியம். கிண்டிக்கு வேலைக்குப் போகிறோம். இருமல் விடாமல் நெஞ்சைப் பிடித்தால், 1928-ல் காசநோய்க்காரர்களுக்கென்று தொடங்கிய அந்தச் சானடோரியத்துக்கு மருந்துக்குப் போகிறோம். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள ஒரு தொடர்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓர் அரசாங்கக் கட்டிடம் இருக்கிறது. பேட்டன்ட் ஆபீஸ். பஸ்ஸில் அதைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறோம். நமக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்திருக்கிறோம். வேலை இருக்கிறது, தோழர்களே! நமக்குக் கிடைக்கும் மாத்திரை என்ன விலை என்பது அங்கே தீர்மானமாகும் விஷயங்களில் ஒன்று.

பேட்டன்ட் என்றால் என்ன?

ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதன் விவரத்தை மறைக்காமல் எழுதிக் கொடுக்கிறார். அதற்குப் பதிலாக, குறித்த காலம் வரை அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்று சர்க்கார் அவருக்கு உரிமை தருகிறது. இதுதான் பேட்டன்ட், காப்புரிமை என்றும் சொல்கிறார்கள். இன்றைய சட்டப்படி காலம் 20 வருஷம்.

"கண்டுபிடித்தவனுக்குப் பலன் வேண்டாமா?" என்று கேட்பார்கள். உழைப்புக்குக் கூலி கேட்கும் நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் பலன் யாருக்குப் போகிறது? ஆராய்ச்சி செய்பவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். அவர் கண்டுபிடிப்பது கம்பெனிக்குச் சொந்தம் என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மெஷினில் நூல் அறுபடாமலிருக்க ஒரு தொழிலாளி நல்ல உபாயம் கண்டாலும் கதை அதுதான். அவருக்கு இதில் இவ்வளவு பங்கு தர வேண்டும் என்று நம் பேட்டன்ட் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது.

1970-ல் வந்த மாற்றம்

வெள்ளைக்காரன் 1911-ல் போட்ட பேட்டன்ட் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. இதை ஆராயும்படி 1957-ல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரை சர்க்கார் நியமித்தது. 1959-ல் அவர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவின் பேட்டன்டுகளில் 100-க்கு 80 முதல் 90 வரை அந்நியர் கையில் இருந்தன. அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மண்ணில் உற்பத்திக்கே வரவில்லை என்று அது காட்டியது. தானும் செய்வதில்லை, பிறரையும் செய்ய விடுவதில்லை! இங்கே மருந்து விலை உலகிலேயே மிக அதிகமானவற்றில் சேர்ந்தது என்று 1961-ல் அமெரிக்க செனட்டின் கீபாவர் கமிட்டியே சொல்லிற்று.

அதன் பிறகே 1970-ம் வருஷச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 20-ல் அமலாயிற்று. உணவுக்கும் மருந்துக்கும் பேட்டன்ட் இல்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டும் உண்டு, அதுவும் அதிகம் போனால் 7 வருஷம். அதே மருந்தை வேறு முறையில் செய்ய எவருக்கும் வழி திறந்தது. நம் நாட்டில் மருந்துத் தொழில் வளர்ந்தது.

இதன் பலனைச் சானடோரியத்திலேயே பார்க்கலாம். எய்ட்ஸ் நோயாளிகள் நாலாபுறத்திலிருந்தும் அங்கே வந்து குவிந்தார்கள். ஒருவருக்கு ஒரு வருஷ மருந்து மேல்நாட்டு விலையில் 10,000 டாலருக்கும் மேலே. 2001-ல் சிப்லா என்ற இந்தியக் கம்பெனி அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1-ல் மத்திய சர்க்கார் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. விலை பழையபடி இருந்திருந்தால் எந்த சர்க்கார் இலவசமாகக் கொடுத்திருக்கும்?

புது மொந்தையில் பழைய கள்

1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. அதன் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கும் 20 வருஷப் பேட்டன்ட் என்றாயிற்று. 2005 மார்ச்சில் மசோதா பார்லிமெண்டுக்கு வந்தபோது வெளியே நோயாளிகளின் சங்கங்களும் மக்கள் இயக்கங்களும், உள்ளே இடதுசாரி உறுப்பினர்களும் போராடினார்கள். சில பாதுகாப்புகள் கிடைத்தன. அவற்றில் முக்கியமானது 3-வது பிரிவின் (டி) பகுதி. தெரிந்த மருந்தையே உருமாற்றி வந்தால் பேட்டன்ட் கிடையாது; அது நோயை முன்னிலும் நன்றாகக் குணப்படுத்துகிறது என்று நிரூபித்தால்தான் கிடைக்கும்.

இதற்குச் சோதனை நம் சென்னையிலேயே நடந்தது. கிளிவெக் என்பது ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் கம்பெனி அதன் ஒரு படிக வடிவத்துக்குப் பேட்டன்ட் கேட்டு 1998-ல் சென்னையில் மனுப் போட்டது. கம்பெனி விலை மாதம் சுமார் ரூ. 1,20,000. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து ரூ. 8,000 முதல் 10,000 வரை. புற்றுநோயாளிகளின் உதவிச் சங்கமும் ஆட்சேபித்தது. 2006 ஜனவரியில் சென்னைப் பேட்டன்ட் ஆபீஸ் மனுவைத் தள்ளியது. கம்பெனி சட்டப் பிரிவையே எதிர்த்துச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2007 ஆகஸ்டில் அங்கும் தோற்றது. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துவிட்டது. ஒரே ஒரு பிரிவு எத்தனை உயிருக்கு வேலியாக நின்றது, பாருங்கள்!

இரண்டு பெண்கள்

ஆட்சேபிக்க வக்கீலாகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டியதில்லை. பேட்டன்ட் கொடுக்குமுன் "எவரும்" ஆட்சேபம் தரலாம் என்கிறது சட்டம். பெடாகுலின் என்பது மற்ற மருந்துக்குப் பணியாத காசநோய்க்கான மாத்திரை. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் முதல் பேட்டன்ட் 2023 ஜூலையில் முடியவிருந்தது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொன்று கேட்டது. கிடைத்திருந்தால் 2027 வரை நீண்டிருக்கும். மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் ஆட்சேபித்தார்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்தின் கொடுமையால் காது கேளாமல் போனவர்கள். 2023 மார்ச்சில் பேட்டன்ட் ஆபீஸ் கம்பெனியின் மனுவை நிராகரித்தது.

விதையும் இப்படித்தான். விதைக்குப் பேட்டன்ட் கொடுக்க நம் சட்டம் இடம் தரவில்லை. பயிர் ரகங்களுக்கு 2001-ல் தனிச் சட்டம் வந்தது. அதன் 39-வது பிரிவுப்படி, பதிவு பெற்ற ரகமானாலும் விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் பொறித்து விற்பது மட்டும் கூடாது. 2019-ல் பெப்சி கம்பெனி உருளைக்கிழங்கு ரகத்துக்காகக் குஜராத் விவசாயிகள் நால்வரிடம் தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மறு மாதமே வழக்கை வாபஸ் வாங்கிற்று.

நாம் செய்ய வேண்டியது

ஆயினும், கிடைத்த பாதுகாப்பு தானாக நிலைக்காது. ஆட்சேபம் கொடுக்க முன்பு கட்டணம் கிடையாது. 2024 மார்ச் விதிகள் கட்டணம் வைத்தன. ஆட்சேபத்தை ஏற்கலாமா என்று அதிகாரி முதலில் தீர்மானிப்பார் என்றும் ஆக்கின. பேட்டன்டை இந்நாட்டில் உபயோகிக்கிறார்களா என்று கம்பெனி வருஷாவருஷம் கொடுத்த கணக்கு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்றாயிற்று. ராஜகோபால அய்யங்கார் சுட்டிய வியாதி இதுதானே?

இன்னொரு ஆயுதம் உறையிலேயே துருப்பிடிக்கிறது. பேட்டன்ட் உள்ள மருந்து எட்டாத விலையில் விற்றால், வேறொருவருக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுக்கலாம். 2012 மார்ச்சில் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு அப்படிக் கொடுத்தார்கள். மாதம் சுமார் ரூ. 2,80,000 ஆக இருந்தது ரூ. 8,800 ஆயிற்று. பேயர் கம்பெனிக்கு 6 சதவீதம் ராயல்டியும் தர அப்போது உத்தரவாயிற்று. கண்டுபிடித்தவர் பங்கும் போயிற்று, நோயாளிக்கு மருந்தும் வந்தது! ஆனால் மருந்துக்கு இப்படிக் கொடுத்த லைசென்ஸ் அது ஒன்றுதான்.

ஆகவே, ஆட்சேபக் கட்டணத்தை நீக்கு, கணக்கை வருஷாவருஷம் வாங்கு, கட்டாய லைசென்ஸைப் பயன்படுத்து என்று நம் சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும். போனஸ் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுத வேண்டும். பையில் இருக்கும் கூலியை மருந்துச் சீட்டு பறித்துக்கொண்டால், கூலி உயர்வால் என்ன பயன்?

அடுத்த முறை பஸ் கிண்டியைக் கடக்கும்போது அந்தக் கட்டிடத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள். "எவரும் ஆட்சேபிக்கலாம்" என்ற சட்டத்தின் சொல்லையும் எடுத்துச் சொல்லுங்கள். அந்த எவரும் என்ற சொல்லில் நாமும் அடக்கம், தோழர்களே!