உருபும் தொகையும்: போலந்து மொழியோடு ஓர் ஒப்பீடு



உமாதேவி என்று இந்தியாவில் அறியப்பெற்ற போலந்து நாட்டு அம்மையார் வாண்டா டைனோவ்ஸ்கா, 1944-இல் மாரிஸ் ஃபிரிட்மனுடன் இணைந்து இந்திய-போலந்து நூலகம் என்னும் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். திருக்குறளைத் தம் தாய்மொழியில் பெயர்த்து 1958-இல் வெளியிட்டார். இத்தகைய பெயர்ப்பில், சொற்களுக்கு நிகர் தேடுவதினும் வேற்றுமைக்கு நிகர் தேடுவதே அரிது.

தொல்காப்பியர் வேற்றுமை ஏழென மொழிந்து, விளியொடு எட்டென்றார். சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் மூன்றை இதற்கே வகுத்தார். போலந்து மொழிக்கோ விளி உட்பட ஏழே. அங்கு இல்லாதது ஐந்தாம் வேற்றுமை. 'அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு' என்னும்போது நீங்குமிடத்தையும் சேருமிடத்தையும் தமிழில் உருபுகளே உணர்த்துகின்றன. 'வர்ஷாவாவிலிருந்து கிராகுஃபுக்கு' என்பதைப் போலந்து மக்கள் 'ஸ வர்ஷாவி தோ கிராகோவா' என்பர். ஊர்ப்பெயர் இரண்டும் ஆறாம் வேற்றுமைக்கு நிகரான ஒரே வேற்றுமையில் நிற்கின்றன. பெயருக்கு முன் வரும் 'ஸ', 'தோ' என்னும் இடைச்சொற்களே திசையைக் கூறுகின்றன.

மற்றொன்று, கவிஞர்க்குச் சுவை தருவது. 'புத்தகத்தைப் படிக்கிறேன்' எனின் புத்தகம் அங்கு இரண்டாம் வேற்றுமை ஏற்று 'க்ஷோன்ஷ்கெ' என நிற்கும். 'படிக்கவில்லை' எனின் அதுவே ஆறாம் வேற்றுமைக்கு மாறி 'க்ஷோன்ஷ்கி' ஆகிவிடும். தமிழில் எதிர்மறை வினையோடு நிற்கிறது. அங்கே பெயரையும் தொட்டு மாற்றுகிறது.

உருபு இருப்பதால் இரு மொழியிலும் சொற்கள் இடம் மாறி நிற்க இயலும். ஆயின் தமிழுக்குத் தனியுரிமை ஒன்றுண்டு, அதுவே தொகை. 'புலிகொல் யானை' என்று உரையாசிரியர்கள் காட்டும் தொடர், புலியைக் கொன்ற யானை என்றும், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் பொருள்படும். போலந்து மொழியில் பெயரின் ஈறு பால், எண், வேற்றுமை மூன்றையும் ஒருங்கே சுமப்பது. அதனைத் தமிழ் உருபைப் போலக் கழற்றி மறைத்தல் இயலாது. பெயர்ப்பவர் மாண்டது எதுவென்று முடிவு செய்தே தீரவேண்டும். மூலக் கவிஞர் மூடி வைத்த பொருளுள் ஒன்று அங்கே இழக்கப்படுகிறது.

இன்றைய கவிதையில் உருபுகள் பெரிதும் தொக்கு வருகின்றன. இரு பொருள் கருதித் தொகுப்பது புலமை. வரி நீளுமென்று அஞ்சி விடுவது வழு. வேற்று மொழியாளர் ஒருவர் எதிரில் அமர்ந்து, 'யார், யாரை?' என்று வினவுவதாகக் கொண்டு கவிஞர் தம் வரியைப் படித்துப் பார்த்தல் நன்று. அவ்வினாவுக்குரிய விடை வரியில் மறைந்திருக்கலாம். கவிஞரிடம் இல்லாமற் போகலாகாது.