பழங்கத்தியும் அதைப் பிடித்த கையும்



பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார், பாடினியின் காதழகைக் கூறவந்த இடத்தில், முடி வெட்டும் கத்தரிகையின் கைப்பிடியை உவமையாக்கினார். கரிகாலனைப் பாடிய புலவர்க்கு நாவிதரின் கருவி இழிந்ததாகத் தோன்றவில்லை. இப்பத்தாம் ஆண்டு விழாவில் அக்கண் கொண்டு நோக்கத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது பழைய மடக்குச் சவரக்கத்தி.

இங்கிலாந்தின் செஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய நகர்களின் முத்திரை பொறித்த கத்திகள் ஒருகாலத்தில் நம் நாட்டு அடைப்பங்களிலும் இடம்பெற்றன. 1986இல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி கண்டறியப்பட்டபின், ஆளுக்கொரு புதுப் பிளேடு என்னும் வழக்கம் வலுப்பெற்றது. அது நலங்கருதிய மாற்றமே. ஆயினும் பழங்கத்திகள் பரண் ஏறித் துருப்பிடித்தன.

அவற்றை மீட்பது பொறுமைக்குரிய பணி. முதலில் அலகில் விரிசல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். எண்ணெயிட்டுத் துருவை இளக்கி, கையாலேயே மெல்லத் தேய்த்தல் வேண்டும். சுழலும் சாணையில் வைத்தால் சூடேறும். அலகு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று என்பது பொருள். துருக்குழி வாய்வரை எட்டிய கத்தி சவரத்திற்கு உதவாது. தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படிய வேண்டும். சரிவின் அளவை முதுகே காத்துத் தரும். கல்லில் வாய் முன்செல்லும். தோல்வாரில் முதுகு முன்செல்லும். இம்முறை பிறழ்ந்தால் வாரும் அறுபடும், கூரும் மழுங்கும்.

பளபளப்புக்காக முத்திரையைத் தேய்த்தழிப்பது செப்பனிடுதல் ஆகாது. ஜெயங்கொண்டத்திற்கு அண்மையில், கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்வோர், மண்ணைத் தூரிகையால் துடைத்துச் சோழர் அரண்மனையின் செங்கற் சுவரை வெளிக்கொணர்வர்; சுவரைச் சுரண்டமாட்டார். கத்திக்கும் அந்நெறியே பொருந்தும்.

அயல்நாட்டு முத்திரையைப் போற்றுவோர் நம் மண்ணின் எஃகையும் நினைதல் தகும். பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவில் இவ்வாறு உருவான எஃகு 'ஊட்சு' என்னும் பெயரால் ஐரோப்பாவில் அறியப்பட்டது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி இலண்டன் அரச கழகத்திற்குக் கட்டுரை அளித்தார். கத்தித் தொழிலர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் நுண்ணிய கூருக்கு அதனை விரும்பினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் அதனை ஆராயப் புகுந்து, எஃகுக் கலவைகள் குறித்து 1820இலும் 1822இலும் எழுதினர். தாம் உருவாக்கிய கலவை எஃகாலான சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்க்குப் பரிசளித்தார்.

அங்கே கத்தி அறிஞரின் பரிசாயிற்று. இங்கே அதைப் பிடித்தவர் நிலை யாது? முகம் மழித்த அதே கை புண்ணறுத்தது, கட்டுப் போட்டது, மருந்திட்டது. அவ்வில்லத்துப் பெண்டிர் மகப்பேறு பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் அவர்க்கு அவ்வாறே அமைந்தன. எனினும் களத்து நெல்லே கூலி. திண்ணைக்கு அப்பால் இடமில்லை. தன் கழுத்தையே நம்பி ஒப்படைத்த ஊர், அவரைச் சமமாக அமர்த்த மறுத்தது.

துரு நீக்கிய கத்தியைக் கண்ணாடிப் பேழையில் வைத்தல் எளிது. அதைப் பிடித்தவர் வாழ்வைக் கவிதையில் வைத்தல் இன்னும் முடியாத பணி. முடத்தாமக்கண்ணியார் கருவியைப் பாடினார். கையைப் பாடுவது இவ்வட்டத்துக் கவிஞர் கடன்.