'வராது' என்னும் சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில், தமிழ் வகுப்புக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ் வகுப்பின் ஆண்டறிக்கையைப் படிக்குமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். அறிக்கை மிகச் சுருங்கியது. சென்ற ஆண்டு விழாவின்போது நம் வகுப்பில் 22 குழந்தைகள் இருந்தனர். மூன்று மாதங்களில் அவர்கள் 9 பேர் ஆயினர். இன்று 16 பேர் பயில்கின்றனர். 22 என்பது 9 ஆனது ஏன், 9 என்பது 16 ஆனது எவ்வாறு என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம். அதைச் சொல்லப் புகுந்தால் எங்கள் பிழையை மறைத்துச் சொல்ல இயலாது.

சென்ற ஆண்டு இதே மேடையில் ஒரு சிறுமி குறள் ஒப்பித்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்த குழந்தை. ழகரம் அவள் நாவில் லகரமாகவே உருண்டது. மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நாங்களும் சிரித்தோம். அன்பினால் எழுந்த சிரிப்புத்தான், ஐயமில்லை. ஆயினும் அன்புச் சிரிப்பு இது, ஏளனச் சிரிப்பு இது என்று எட்டு வயதுக் குழந்தை பகுத்தறிய முடியுமா? பாதியில் நிறுத்தினாள்; இறங்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அவள் தம்பி வரவில்லை. பிறகு அவள் தோழியர் இருவர் வரவில்லை. நான்கு வாரம் கழித்து வீடு தேடிச் சென்றோம். "அவளுக்குத் தமிழ் வராதுங்க, விட்டுடுங்க" என்றார் தாயார். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

'வராது' என்னும் இச்சொல்லைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கணக்கு வராது, இந்தி வராது, பாட்டு வராது என்கிறோம். கணக்கும் பாட்டும் ஏதோ விருந்தாளிகள் போலவும், அவை தாமாக நடந்து வந்து நம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் போலவும் பேசுகிறோம். கதவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை அதனை மெய்யென்றே எடுத்துக்கொள்கிறது.

இகழ்ச்சி மட்டுமே இத்தீங்கைச் செய்வதன்று. புகழ்ச்சியும் செய்யும் என்பது எங்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது. அமெரிக்க நாட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்னும் இரு அம்மையார்கள் 1998-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தனர். விடுவித்த பின் ஒரு சாராரிடம் அவர்களுடைய அறிவைப் பாராட்டினர். மற்றொரு சாராரிடம் அவர்களுடைய உழைப்பைப் பாராட்டினர். வேறுபாடு ஒரே வாக்கியந்தான். பிறகு கடினமான புதிர்களைத் தந்தனர், எல்லாரும் திணறினர். மூன்றாம் முறை, முதலிற் கொடுத்தவற்றை ஒத்த எளிய புதிர்களையே தந்தனர். அறிவாளி என்று புகழப்பட்டோர் தாம் முதலிற் செய்ததைவிடக் குறைவாகச் செய்தனர்; உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னிலும் நன்றாகச் செய்தனர். இன்னும் ஒன்று. முகமறியாத வேறொரு பள்ளி மாணவனுக்குத் தம் மதிப்பெண்ணை எழுதுமாறு கேட்டபோது, அறிவாளி என்று புகழப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு நால்வர் உண்மையை மறைத்துக் கூட்டி எழுதினர். 'கெட்டிக்காரன்' என்னும் பட்டத்தைக் காத்துக்கொள்ளும் கவலை பத்து வயதுப் பிள்ளையைப் பொய்யனாக்கியது. நம் காலனியில் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் மாடிக்கு மாடி நடைபெறும் விசாரணைகளை நினைத்துக்கொண்டோம்.

ஆயினும் இதனை ஒரு மந்திரம் போல எடுத்துக்கொள்வதும் தவறு. 'உன்னால் முடியும்' என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் கணக்குப் புரிந்துவிடாது. 2018-இல் இத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒருங்கு திரட்டிப் பார்த்தவர்கள், இவ்வகைப் பயிற்சியின் பயன் பொதுவாகச் சிறிது என்றே கண்டனர். 2019-இல் அமெரிக்காவில் 12,000-க்கு மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. அறிவு வளரக்கூடியது என்று கற்பிக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பாடம், பின்தங்கிய மாணவரின் மதிப்பெண்ணைச் சிறிதளவு உயர்த்தியது. கடினமானதை முயன்று பார்க்கும் வழக்கம் சக மாணவரிடையே இருந்த பள்ளிகளில் அப்பயன் மிகுதியாகத் தெரிந்தது. விதை நல்லதாயினும் மண்ணும் பார்க்க வேண்டும் என்றுதானே நம் ஊர் உழவரும் சொல்வார்! நம் தில்லியிலும் 2018 ஜூலையில், அரசுப் பள்ளிகளில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சிக்கென்றே ஒரு பாடவேளை தொடங்கப்பெற்றது. மூச்சைக் கவனித்து அமர்தல், கதை, உரையாடல், தேர்வு கிடையாது. நல்ல ஏற்பாடே. ஆனால் ஒரு பாடவேளை மகிழ்ச்சியும் அடுத்த பாடவேளை ஏளனமுமாக இருந்தால் எது நிலைக்கும் என்பது எங்கள் கேள்வி.

நிற்க. நாங்கள் செய்தது என்ன?

முதலாவதாக, வாயை மூடிக்கொண்டோம். விளையாட்டாகச் சொல்லவில்லை. மேரி பட் ரோ என்னும் அம்மையார், வகுப்பறைகளிற் பதிவு செய்த பேச்சுகளை ஆராய்ந்து 1974-இல் எழுதினார். ஆசிரியர் வினா எழுப்பிய பின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடியே என்றும், அதை மூன்று விநாடியாக்கினால் விடைகள் நீண்டு வருகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கின்றனர் என்றும் கண்டார். மூன்று விநாடி காப்பது எளிதென்றா நினைக்கிறீர்கள்? எங்களில் ஒருவர் விரலால் மேசையின் அடியில் எண்ணிக்கொண்டே கற்பித்தார்.

இரண்டாவதாக, படிப்பித்த பாடத்தையே திரும்பப் படிப்பிப்பதை விட்டோம். ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர் ஒரு வாரத்துக்குப் பின் நூற்றுக்கு 40 பங்கே நினைவிற் கொண்டிருந்தனர். ஒருமுறை படித்து, பின் ஏட்டை மூடி நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவரோ 61 பங்கு சொன்னார்கள். ஆகவே ஞாயிறுதோறும் முதற் பத்து நிமிடம் நூலைத் திறப்பதில்லை. சென்ற வாரம் கற்றதை நினைவிலிருந்து மணலில் எழுத வேண்டும்.

ஆம், மணல்தான்! தட்டுகளில் மணல் பரப்பி வைத்திருக்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் பாட்டனார் விரலால் எழுதியது மணலில்தானே. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்துக்கே சென்றது. திண்ணைப் பள்ளியைப் போற்றிப் பாட நாங்கள் வரவில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கேதான் இருந்தன. ஆனால் மணலுக்கு ஒரு நற்குணம் உண்டு. பிழையை உள்ளங்கையால் ஒரு முறை வழித்தால் போயிற்று. சிவப்பு மை தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதும் இல்லை. 'பழம்' என்று ஏழுமுறை தவறாக எழுதி எட்டாம் முறை சரியாக எழுதிய சிறுவனை அங்கே கண்டோம். ஏட்டில் எழுதியிருந்தால் மூன்றாம் முறையோடு பேனாவை மூடியிருப்பான்.

மூன்றாவது செய்தி பெற்றோருக்குரியது. நம் அன்னையர் இந்நகருக்கு வந்த புதிதில் இந்தியை எங்கே கற்றார்கள்? எந்த வகுப்பில்? காய்கறிச் சந்தையில் அல்லவா! 'கா'வையும் 'கீ'யையும் மாற்றிப் போட்டுப் பேரம் பேசினார்கள். கடைக்காரர் சிரித்தார், இவர்களும் சிரித்துவிட்டு, கொசுறாகக் கொத்துமல்லியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மீண்டும் போனார்கள். அவர்கள் 'எனக்கு இந்தி வராது' என்று வீட்டில் இருந்திருந்தால் அன்று சாம்பாரே இல்லை. இக்கதைகளை வகுப்புக்கு வந்து சொல்லுமாறு பாட்டிமார் சிலரை அழைத்தோம். பாட்டியும் பிழை செய்தாள் என்று கேட்ட அன்று குழந்தைகள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாங்கள் எந்தப் பாடத்தினாலும் உண்டாக்கியதில்லை. அதன் பின்னரே, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பலாயினர்.

இன்னும் அறுவர் திரும்பவில்லை. அவர்களில் இருவர் குடும்பம் மாற்றலாகிச் சென்றுவிட்டது. மற்ற நால்வரின் பெற்றோர் இம்மண்டபத்தில் இருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வாயிலருகே நாங்கள் நிற்போம், பேச விரும்புகிறோம்.

அந்தச் சிறுமி புரட்டாசியில் திரும்பி வந்தாள். ழகரம் இப்போது பத்துக்கு ஆறு முறை சரியாக விழுகிறது; நான்கு முறை விழுவதில்லை. சென்ற ஆண்டு பாதியில் நிறுத்திய அதே அதிகாரத்தை இன்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். அடுத்து மேடை ஏறப்போகிறவள் அவள்தான். இடையில் நின்றாளாயின், பெரியோர்களே, யாரும் அடியெடுத்துக் கொடுக்க வேண்டா. மனத்துக்குள் மூன்று எண்ணிக்கொண்டு காத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.