பார்ட்டிஷன் போனா ஃபைலும் போச்சா?

இன்னைக்கு ஹார்ட் டிஸ்க்கோட முதல் 512 பைட்டைப் பத்திப் பேசுவோம்.

2012ல அக்காவுக்கு அரசோட விலையில்லா மடிக்கணினி கிடைச்சது. அதுல விண்டோஸ் 7 இருந்தது, கூடவே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் அப்போ பத்தாவது. உத்தமபாளையத்துல எங்க வீட்டுல யாரும் லினக்ஸைத் தொட்டதே இல்லை. படம் ஏத்த இடம் பத்தலைன்னு அந்தப் பார்ட்டிஷனை அழிச்சேன். ரீஸ்டார்ட் பண்ணினா கறுப்புத் திரை. 'கிரப் ரெஸ்க்யூ'ன்னு ஒரே வரி.

அந்த மெஷின்லதான் அப்பாவோட திராட்சைத் தோட்டக் கணக்கு இருந்தது. எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி, மருந்துக்கடைக்கு எவ்வளவு தரணும்னு எல்லாமே அதுலதான். கடையில, "ஃபார்மட்தான் தம்பி, ஃபைல் எதுவும் வராது"ன்னுட்டாங்க. அப்பா திட்டலை. ஒண்ணுமே பேசலை. எனக்கு அதுதான் தாங்கலை.

உண்மையில என்ன நடந்தது? பயாஸ், டிஸ்க்கோட முதல் செக்டாரை மட்டும் படிக்கும். அதுல 446 பைட் பூட் கோடு, 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளம். டேபிள்ல நாலே பதிவு, ஒவ்வொண்ணும் 16 பைட்.

446 பைட்டுக்குள்ள கிரப் அடங்காது. அதனால முதல் பார்ட்டிஷனுக்கு முன்னாடி இருக்கிற காலி இடத்துல அடுத்த பகுதியை வைக்கும். அந்தக் காலி இடம் எப்படி வந்தது? பழைய டிஸ்க்ல ஒரு இடத்தைக் குறிக்க சிலிண்டர், ஹெட், செக்டார்னு மூணு எண். செக்டாருக்கு 6 பிட்தான், எண்ணிக்கை 1ல தொடங்கும். ஆக ஒரு டிராக்குக்கு உச்சம் 63. முதல் பார்ட்டிஷனை அடுத்த டிராக்ல தொடங்குறது வழக்கம். முதல் டிராக்ல 62 செக்டார் சும்மா கிடந்தது. பிறகு எல்பிஏ வந்து, 0, 1, 2ன்னு வரிசை எண்ணே போதும்னு ஆச்சு. விண்டோஸ் விஸ்டா காலத்துல இருந்து பார்ட்டிஷன் 2048ஆம் செக்டார்ல தொடங்குது. இடைவெளி 1 எம்பி ஆச்சு, ஆனா போகலை.

நான் அழிச்சப்போ அந்த இடைவெளியில இருந்த கிரப்புக்கு ஒண்ணும் ஆகலை. அது தேடின மெனுவும் மாட்யூல்களும் லினக்ஸ் பார்ட்டிஷன்ல இருந்தது, அதுதான் போச்சு. விண்டோஸ் பதிவு டேபிள்ல அப்படியே இருந்தது.

அக்கா காலேஜ் லேப்ல ஒரு அண்ணன் விண்டோஸ் 7 டிவிடி போட்டு, 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்'னு ஒரு கட்டளை அடிச்சார். அது பூட் கோடை மட்டும் புதுசா எழுதும், டேபிளைத் தொடாது. அஞ்சே நிமிஷம். கணக்கு அப்படியே இருந்தது.

பட்டா காணாமப் போனா வயல் காணாமப் போயிடுமா? டேபிளே அழிஞ்சாலும் டேட்டா டிஸ்க்லதான் கிடக்கும், மேல புதுசா எதையும் எழுதாத வரைக்கும். அதனால யாராவது ஃபார்மட்னு சொன்னா, "டேபிளைப் பாத்தீங்களா அண்ணே?"ன்னு ஒரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல ஜிபிடி.