குடும்பத் தொழில் விலக்கை நீக்கு!



1953-ல் இந்த மாநிலத்தின் கிராமப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்தார் அன்றைய முதலமைச்சர் ராஜாஜி. மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். அடுத்த ஆண்டே, முதலமைச்சராக வந்த காமராசர் அந்தத் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். அப்படி எறிந்ததைத்தான் 2016-ல் டெல்லி பொறுக்கி எடுத்துச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறது!

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை அந்த ஆண்டு திருத்தினார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். வரவேற்கிறேன், மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில், பிள்ளை உதவலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். குடும்பம் என்றால் யார்? பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்ல. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா எல்லாரும் அதில் அடக்கம். வெளியாட்களை வைத்து நடத்தினாலும் அது குடும்பத் தொழில்தானாம்! ஊரில் பிள்ளையை வேலைக்கு வைப்பவன் எவனும் இனி "அக்கா மகன்" என்று சொன்னால் போதும். இல்லை என்று எந்த ஆய்வாளர் நிரூபிப்பார்?

இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை பிள்ளையை வேலை வாங்கக் கூடாது என்று 2017-ல் விதி எழுதினார்கள். எழுதியவர்களைக் கேட்கிறேன்: விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பூக்கட்டும் பத்து வயதுப் பெண் இருக்கும் வீட்டுக் கதவை எந்த அதிகாரி தட்டுவார்? தொடர்ந்து 30 நாள் பள்ளிக்கு வராவிட்டால் தலைமையாசிரியர் தகவல் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெண் தினமும் பள்ளிக்கு வருகிறாள், ஐயா! வந்து, கணக்குப் பாடத்தில் தூங்குகிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் தூக்கம் ஏறாது.

ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்கிறார்கள். அம்மாவுக்குக் கைகொடுக்கும் பிள்ளையை யாரும் குற்றம் சொல்லவில்லை. பீஸ் கணக்கில் சரக்கைக் கொடுத்து, நாலு கை செய்தால்தான் ஒரு ஆள் கூலி தேறும் என்று விலை வைக்கிறானே, அந்தக் காண்டிராக்டரைத்தான் சொல்கிறோம். ஏழ்மைக்கு என்ன வழி என்று சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது: பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். பிள்ளையின் கூலி போனால் பெரியவருக்கு வேலை வர வேண்டும், அவ்வளவுதான்!

1992-ல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றபோதே, வேலைக்கான வயது வரம்பைப் படிப்படியாகத்தான் கொண்டுவர முடியும் என்று எழுதிக் கொடுத்தது இந்திய அரசு. அன்றைய பிள்ளைகளுக்கே இன்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

ஆகவே ஒன்றிய அரசிடம் இந்தக் கூட்டத்தின் கோரிக்கை: மூன்றாம் பிரிவின் குடும்பத் தொழில் விலக்கை நீக்கு! வீட்டு வாசலில் சரக்கை இறக்கிவிட்டுப் போகிறவன் மீது வழக்குப் போடு! கையெழுத்துத் தாள்கள் மேடைக்கு இடப்பக்கம் இருக்கின்றன. தாய்மார்கள் முதலில் வாருங்கள்.