நீலி ஏன் அழுதாள்?

இந்த எபிசோடுக்காகப் படிச்ச புத்தகம், டி. கிங்ஃபிஷர் 2022-ல எழுதின ‘வாட் மூவ்ஸ் தி டெட்’. குறுநாவல்தான், ஒரே ராத்திரியில முடிச்சிடலாம். எட்கர் ஆலன் போ 1839-ல எழுதின அஷர் மாளிகைக் கதைதான் அடிப்படை. சுவர் முழுக்கப் பூஞ்சை படர்ந்திருக்குன்னு போ தொட்டுட்டுப் போவார். கிங்ஃபிஷர் அந்தப் பூஞ்சையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அந்த வீட்டுல உண்மையில என்னதான் நடந்துச்சு?’ன்னு கேக்குறாங்க.

அதே கேள்வியை நம்ம ஊர்ப் பேய்க்கதை ஒண்ணுகிட்ட கேக்கலாமா? நீடாமங்கலத்துல எங்க பாட்டி வீட்டுத் தெருவுல, பொய்யா அழுற பிள்ளைங்களை “நீலிக் கண்ணீர் வடிக்காதே”ன்னு அதட்டுவாங்க. யாரு அந்த நீலி?

திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல பழையனூர். பரவலா சொல்ற கதை இதுதான்: புருஷன் கையால செத்த ஒருத்தி பேயா வர்றா. அவன் மறுபிறவியில வணிகன். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ஊர்ச் சபையில “இவர் என் புருஷன்”னு அழுறா. அவன் பயந்து நடுங்குறான். “உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க உயிரைத் தர்றோம்”னு எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து, ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல தங்க வைக்கிறாங்க. விடிஞ்சா அவன் பிணம். எழுபது பேரும் தீயில இறங்குறாங்க.

சொன்ன சொல் தவறாதவங்கன்னு எழுபது பேருக்கும் பெருமை. நீலிக்கு மிஞ்சினது ஒரு வசவு. முதல்ல நடந்த கொலை? அது கதைக்கு வெறும் முன்கதை ஆயிடுச்சு.

இந்த நீலியை ஒரு சமணப் புலவர் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே மாத்தி எழுதிட்டார். ஐஞ்சிறுகாப்பியங்கள்ல ஒண்ணான ‘நீலகேசி’. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரரைப் பயமுறுத்தத்தான் அவ வர்றா. அவர் அசையல. அவரையே குருவா ஏத்துக்கிட்டு, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதின்னு ஒவ்வொருத்தரையும் வாதத்துல ஜெயிக்கிறா. பயமுறுத்த வந்த பேய், தர்க்கம் பேசுது! இப்ப படிச்சாலும் சிலிர்க்குது.

ஆனா அங்கேயும் அவ பேசுறது சமணத்துக்காக. தனக்காக இல்ல.

பழைய கதையைத் திரும்ப எழுதுறதுன்னா பேயை இன்னும் பயங்கரமாக்குறது இல்லன்னு நான் நினைக்கிறேன். யார் பேச்சை இதுவரைக்கும் கேக்கலையோ, அவங்ககிட்ட மைக்கைக் கொடுக்கிறது. எழுபது பேர் உக்காந்திருக்கிற சபையில நீலி கண்ணைத் துடைச்சுட்டு, முதல்ல நடந்ததைச் சொல்ற ஒரு குறுநாவல் எனக்கு வேணும். கேக்குறவங்கள்ல யாராவது எழுதுங்க. அடுத்த எபிசோடு உங்களுக்குத்தான்.